பத்தியக் கஞ்சியா, பாதாம் மாவா? குடல் அழற்சிக்கு ஒரு சேலத்துக்காரனின் ஒப்பீடு

எங்கள் வீட்டுச் சமையலறை மேல்தட்டில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. தேதி முடிந்த பாதாம் மாவு அரைக் கிலோ. ஒரு சத்துப்பவுடர் டின், அதில் இப்போது அம்மா புளி போட்டு வைத்திருக்கிறார். பாதி காலியான மஞ்சள் மாத்திரைப் புட்டி. "இனிமேல் இதுதான் நம் சாப்பாடு" என்று நான் மூன்று தடவை முடிவெடுத்ததன் மிச்சம் அவை.

எனக்கு க்ரோன் என்ற குடல் அழற்சி நோய் வந்து 9 வருடம் ஆகிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண், அதையொட்டி குடலில் ஒரு சுருக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து சித்தப்பா பையன் வந்திருந்தான். 23 வயது. ஆறு மாதத்துக்கு முன் அவனுக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடல் அழற்சிப் புண், என்று கொலனோஸ்கோபியில் தெரிந்தது. அப்போது 6 கிலோ இளைத்திருந்தான், அதில் 2 கிலோதான் திரும்பியிருக்கிறது. வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டினான். வரிசையாக வீடியோக்கள்.

"அண்ணா, இத்தனை டயட் சொல்றாங்க. மாத்திரைய விட்டுட்டு இதுல ஒண்ணைப் புடிச்சுக்கலாம்னு இருக்கேன். நீங்க எதைப் பண்ணுனீங்க?"

"எல்லாத்தையும் பண்ணுனான்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னதான் படிச்சாலும் வயித்துக்குக் கஞ்சிதான் சாமி."

அன்று மத்தியானம் முழுக்க அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதுகிறவன். ஒன்பது வருடமாக இந்த வயிற்றோடு குடித்தனம் நடத்துவதால் கேட்டதும் படித்ததும் பட்டதும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐ.பி.எஸ். என்று ஒன்று உண்டு, போலீஸ் அதிகாரி அல்ல. வயிறு உப்பும், வலிக்கும், மோஷன் மாறிமாறிப் போகும், ஆனால் குடலில் புண் இருக்காது. நம்முடையது ஐ.பி.டி., அதாவது குடல் அழற்சி நோய். இதில் குடல் சுவரே அழற்சியாகிப் புண்ணாகிறது. அல்சரேட்டிவ் கொலைடிஸ் பெருங்குடலோடு, அதன் உள்தோலோடு நிற்கும். க்ரோன் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும், அதனால்தான் சுருக்கமும் விழுகிறது. நம் நாட்டில் இன்னொரு சிக்கல், குடல் காசநோயும் க்ரோனும் ஸ்கோப்பில் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். இவற்றில் எது என்று தெரியாமல் எந்த டயட்டையும் எடுப்பது, ஊர் தெரியாமல் பஸ் ஏறுவது மாதிரி. வீடியோக்களில் பாதிக்கு மேல் ஐ.பி.எஸ்.ஸுக்குச் சொன்ன வைத்தியத்தை ஐ.பி.டி. தலையில் கட்டுகின்றன.

இரண்டாவது, மாத்திரை. "அதை இந்தப் பேச்சுல சேக்காத" என்று தம்பியிடம் சொன்னேன். டயட்டா மாத்திரையா என்பது தேர்வே இல்லை. மாத்திரையோடு எந்த டயட் என்பதுதான் கேள்வி. நானும் ஒரு காலத்தில் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று யாரையும் கேட்காமல், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அசாதயோப்ரின் மாத்திரையை நிறுத்தினேன். நாலு மாதத்தில் 7 கிலோ போயிற்று. அப்புறம் ஸ்டீராய்டு, வீங்கின முகம், தூக்கமில்லாத ராத்திரிகள். அந்தச் சமயத்தில் நான் எடுத்துக்கொண்டிருந்த டயட் என்னவோ மிகச் சுத்தமானது.

எந்த டயட்டைப் பார்த்தாலும் நான் இப்போது மூன்றைத்தான் கேட்கிறேன். மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் அளவு இறங்குகிறதா? அதுதான் குடலுக்குள் நெருப்பு இருக்கிறதா என்று சொல்லும், வயிறு லேசாக இருக்கிறதே என்ற நினைப்பு சொல்லாது. எடை நிற்கிறதா? மூன்றாவது, நாலு பேர் சாப்பிடும் வீட்டில் இது மூன்று மாதம் தாண்டி ஓடுமா? மூன்றாவதை யாரும் வீடியோவில் பேசுவதில்லை.

சரி, அம்மாவின் கஞ்சியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஊரில் வயிறு கெட்டால் பத்தியம். குழைந்த பச்சரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, மோர், இட்லி, பருப்புத் தண்ணீர். ஆஸ்பத்திரியில் நார் குறைந்த உணவு என்று தாளில் எழுதிக் கொடுப்பதும் ஏறக்குறைய இதுவேதான். ஜவ்வரிசி ஏன் வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்பது நான் தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம். ஆலைக்குக் குச்சிக்கிழங்கு வரும். தோலுரித்து, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிப்பார்கள். பால் ஒரு பக்கம் போய்த் தொட்டியில் படிந்து மாவாகும், அதுதான் உருண்டு வெந்து காய்ந்து ஜவ்வரிசி. சலிப்பில் மேலே நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். கிழங்கின் நார் பெரும்பாலும் அந்தத் திப்பியோடு மாட்டுத்தீவனத்துக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. குடல் அதை அரைக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆலையில் இனிப்புக் கொடுத்தார்கள். நானும் பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அதே காரணத்துக்காக அதில் வேறு ஒன்றுமே இல்லை. 100 கிராம் ஜவ்வரிசியில் புரதம் 1 கிராம்கூடத் தேறாது. நோய் கிளம்பியிருக்கும்போது உடம்புக்குப் புரதம் வழக்கத்தைவிட அதிகம் வேண்டும். கிலோ எடைக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் வரை என்பது கணக்கு. 55 கிலோ ஆளுக்கு 66 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கிறது. கஞ்சியும் மோருமாக நாளை ஓட்டினால் எங்கே போய் அதை எட்டுவது? நோய் வந்த முதல் வருடம் நான் இப்படித்தான் மாதக்கணக்கில் பத்தியம் இருந்தேன். வலி குறைந்தது உண்மை. இடுப்பு பெல்ட்டில் இரண்டு புதிய ஓட்டை போட வேண்டி வந்ததும் உண்மை. பத்தியம் வலியை அடக்கும், அழற்சியை அடக்குவதில்லை. நோய் கிளம்பிய ஒரு வாரம், பத்து நாள் அது போதும். அதையே வாழ்க்கையாக்கினால் ஆள் தேய்ந்துபோவான்.

அந்த முதல் வருடத்துக்கு நேர் எதிர்த் திசையில் ஓடியதுதான் பாதாம் மாவு. குறிப்பிட்ட மாவுச்சத்து உணவுமுறை என்று ஒன்று, எஸ்.சி.டி. என்பார்கள். சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தொடங்கியது, எலைன் காட்ஷல் என்பவர் பின்னர் பரப்பினார். சிக்கலான மாவுச்சத்தெல்லாம் செரிக்காமல் கிருமிகளுக்குத் தீனியாகிறது, அதனால் தானியம் எதுவும் கூடாது என்பது அதன் அடிப்படை. அரிசி கூடாது. ராகி, கம்பு, சாமை கூடாது. உருளை, குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, சர்க்கரை, வெல்லம் கூடாது. தேன் சரி, பழம் சரி, இறைச்சி, முட்டை, பெரும்பாலான காய்கள் சரி, பாதாம் மாவில் ரொட்டி சரி. தயிர் 24 மணி நேரம் உறைய வேண்டும், பாலின் லாக்டோஸ் முழுதும் தீர. சித்திரை மாதம் சேலத்தில் 24 மணி நேரம் வெளியே வைத்த தயிரை வாயில் வைத்திருக்கிறீர்களா? எலுமிச்சம்பழம் தேவலை.

யோசித்துப் பார்த்தால் சேலத்துக்காரன் சாப்பிடுவதில் முக்கால்வாசி அந்தக் கூடாது பட்டியலில் இருக்கிறது. இட்லி போச்சு, தோசை போச்சு, களி போச்சு. நான் 11 வாரம் இருந்தேன். அந்த நாட்களில் கிலோ 800 ரூபாய்க்குக் குறையாத பாதாமை வாங்கி, ஊறவைத்து, தோலுரித்து, காயவைத்து அரைக்க என் மனைவி இரவு பத்து மணி வரை நின்றாள். ஒரு நாள் அவள் கேட்டது: "இது உங்களுக்கு வியாதியா, எனக்கா?"

வயிறு நன்றாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்கு அந்த அளவு கஷ்டம் தேவையா என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. க்ரோன் நோயாளிகள் 194 பேரில் ஒரு பாதிக்கு எஸ்.சி.டி., மறுபாதிக்குக் காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று போகும் மத்திய தரைக்கடல் பாணிச் சாப்பாடு. 2021-ல் வெளியான முடிவு, ஆறு வாரத்தில் தொந்தரவு அடங்கியவர்கள் எஸ்.சி.டி.யில் 46.5 சதவீதம், மற்றதில் 43.5 சதவீதம். கணக்குப்படி வித்தியாசமே இல்லை. இரண்டிலுமே ரத்தத்தில் அழற்சி அளவு சீரானவர்கள் குறைவு. கடினமான வழிக்கும் சுலபமான வழிக்கும் பலன் ஒன்றென்றால், தம்பி, நீ எந்த வழியில் போவாய்? அதுவும் 4 கிலோ பாக்கி வைத்துக்கொண்டு?

மூன்றாவது ஃபாட்மேப் குறைந்த உணவு. இதை மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள், ஐ.பி.எஸ்.ஸுக்காக. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், கொண்டைக்கடலை, ராஜ்மா, காலிஃபிளவர், முந்திரி, மாம்பழம் இவற்றில் உள்ள சில சர்க்கரை வகைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கின்றன, அதனால்தான் உப்புசமும் காற்றும் என்பது கணக்கு. மல்கோவா சீசனில் இதை ஆரம்பிக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐ.பி.டி.க்கு இது என்ன செய்யும்? லண்டன் கிங்ஸ் கல்லூரியில், நோய் அடங்கியும் வயிற்றுத் தொந்தரவு விடாத 52 பேரை வைத்து நாலு வாரம் பார்த்தார்கள். போதுமான நிவாரணம் கிடைத்தது என்றவர்கள் இந்த உணவில் 52 சதவீதம், சாதாரண ஆலோசனை பெற்றவர்களில் 16 சதவீதம். ஆனால் அழற்சி அளவுகள் அசையவில்லை. குடலில் இருக்கும் சில நல்ல பாக்டீரியாக்களும் குறைந்தன. எனவே இது நெருப்பை அணைக்கும் தண்ணீர் அல்ல, நெருப்பு அணைந்த பிறகும் அடிக்கிற புகைக்கான ஜன்னல். அதுவும் ஆயுளுக்கும் இருக்க வேண்டிய உணவல்ல. நாலிலிருந்து ஆறு வாரம் விலக்கு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார், ஒத்துக்கொண்டதை வைத்துக்கொள். எல்லாரும் முதல் படியிலேயே உட்கார்ந்துகொள்வதுதான் தப்பு.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அமாவாசைச் சமையல். வெங்காயம் பூண்டு இல்லாமல் சாம்பார், ரசம், பொரியல் வைக்க எந்த அம்மாவுக்கும் தெரியும். அம்மாவிடம் "ஃபாட்மேப்" என்று நான் பாடம் நடத்தியபோது ஒன்றும் ஏறவில்லை. "நாலு வாரம் அமாவாசைன்னு வச்சுக்கோம்மா, பருப்பை மட்டும் பாதியாப் போடு" என்றேன், முடிந்தது. பூண்டு வாசம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு தந்திரம். பூண்டில் தொந்தரவு தரும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களை மெல்லிய தீயில் பொன்னிறமாக வதக்கி, பற்களை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் தாளிக்க வைத்துக்கொள்ளலாம். வாசம் இருக்கும், வில்லங்கம் இருக்காது. ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு அப்புறம் பொறுக்கி எடுப்பதில் பிரயோஜனம் இல்லை, சாறு தண்ணீரில் இறங்கிவிடும். கடைப் பெருங்காயத்தூளில் மைதா கலப்பு உண்டு என்பதையும் டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள். சிட்டிகை அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை, எனக்கு ஒத்துக்கொண்டது.

புளி டின்னுக்கு வருகிறேன். ஆறிலிருந்து எட்டு வாரம் வாயில் வேறு எதுவும் படாமல் சத்துத் திரவம் மட்டுமே குடிப்பது ஒரு முறை. மேலே சொன்னவற்றில் அழற்சியையே அடக்குவதாக நன்றாக நிரூபணமானது இதுதான், ஆனால் க்ரோனுக்கு மட்டும். குழந்தைகளுக்கு க்ரோன் என்றால் பல நாடுகளில் ஸ்டீராய்டுக்கு முன்னால் இதைத்தான் கொடுக்கிறார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு இப்படிப் பலன் இருப்பதாக நிலைநாட்டப்படவில்லை, ஆகவே தம்பிக்கு இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எனக்கு டாக்டர் எழுதினார். 400 கிராம் டின்னில் சுமார் 1,700, 1,800 கலோரி, அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டின். ஆறு வாரத்துக்கு 42 டின். கணக்குப் பிள்ளை மூளை அங்கேயே நின்றுவிட்டது. 19 நாள் தாக்குப்பிடித்தேன். காசைவிட, தம்ளரைப் பார்த்தாலே குமட்டியதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், கடை உணவில் தவிர்க்கச் சொல்லும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இந்தப் பவுடர்களில் பெரும்பாலும் இருக்கிறது, இருந்தும் வேலை செய்கிறது. உணவைப் பற்றி யாராவது மிக உறுதியாகப் பேசும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

இதற்கு ஒரு பாதி வழியும் உண்டு. இஸ்ரேலில் அரியே லெவின் குழுவினர் க்ரோன் விலக்கு உணவு என்று ஒன்றை அமைத்தார்கள். முதல் ஆறு வாரம் பாதிக் கலோரி திரவத்திலிருந்து, மீதி சமைத்த உணவு, அடுத்த ஆறு வாரம் திரவம் கால் பங்கு. கோதுமை, பால், மாட்டிறைச்சி ஆட்டிறைச்சி, பாக்கெட் உணவு கிடையாது. கோழி நெஞ்சுக்கறி, முட்டை, வாழைப்பழம், ஆப்பிள், வேகவைத்து ஆறவைத்த உருளை தினமும், அரிசியும் சரி. 2019-ல் வந்த குழந்தைகள் ஆய்வில் 97.5 சதவீதம் பேர் இதைத் தாக்குப்பிடித்தார்கள், முழுத் திரவத்தில் 73.6 சதவீதம். அரிசி அனுமதி என்று படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். க்ரோன் லேசாகத் திரும்பினால் அடுத்த தடவை டாக்டரிடம் நான் கேட்கப்போவது இதைத்தான். டயட்டீஷியன் கூட இருந்தால்தான் ஓடும், தானாகச் செய்தால் எடை இறங்கும்.

மஞ்சள் மாத்திரையையும் பழைய சோற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இரண்டுமே நம் ஊர் பெருமை. ஈரோடும் சேலமும் மஞ்சளில் புரள்கிற ஊர்கள், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பாலில் மஞ்சள் போட்டுக் குடி என்பார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸில் மெசலமைன் என்ற அழற்சி மருந்தோடு, மஞ்சளின் சத்தான குர்குமினைச் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்ட சிறிய ஆய்வுகள் இருப்பது உண்மை, அளவு நாளைக்கு 2, 3 கிராம். ஆனால் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2 கிராம் வேண்டுமென்றால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். பாலில் போடும் அரை ஸ்பூன் வாசனைக்குத்தான். மாத்திரையாக எடுத்தால் அளவு கிடைக்கும், ஆனால் மிளகுச்சத்து சேர்த்த மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்திருக்கிறது. அதனால்தான் என் புட்டி பாதியில் நிற்கிறது. டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாத பொருள் அது.

பழைய சோறு பற்றிச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இந்த நோய்க்காகவே ஆய்வில் இறங்கியதும் ஊரெல்லாம் அதே பேச்சு. குளிர்ந்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது, புளிப்பில் நல்ல பாக்டீரியா சேர்கிறது, காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் சாப்பிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் ஊறின சோறு வேறு கதையைக் கிளப்பிவிடும்.

மிச்சம் இருப்பது மத்திய தரைக்கடல் சாப்பாடு. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேறு தடை இல்லாத ஐ.பி.டி. நோயாளிகள் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறது. காய், பழம், பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய். இனிப்பும் ஆடு மாடும் பாக்கெட் சரக்கும் குறைவு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். என் தாத்தா காலத்துத் தட்டில் சோற்றைக் குறைத்துக் குழம்பில் காயைக் கூட்டினால் பாதி தூரம் வந்துவிடுகிறது. மீனுக்கு மேட்டூர் அணைக் கெண்டை இருக்கிறது, அதைவிட மத்தி மீன் நல்லது, விலையும் கம்மி, ஒமேகா கொழுப்பும் அதிகம். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெய்க்கு அப்படியே மாற்று என்று சொன்னால் பொய். ஆனால் பொரித்த பாமாயிலுக்கு அவை எவ்வளவோ மேல். ஏற்காட்டில் விளையும் பட்டர் ஃப்ரூட், ஆலிவ் எண்ணெயின் கொழுப்புக்குப் பக்கத்தில் வரும். மலையிலிருந்து இறங்கும்போது கனிந்ததாக நாலு வாங்கி வருவது என் வழக்கம்.

பாக்கெட் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,087 பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. மிகையாகப் பதப்படுத்திய உணவு கூடக் கூட ஐ.பி.டி. வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. இது காரணம் என்று நிரூபிப்பதில்லை, ஆனால் விடுவதால் நமக்கு என்ன நஷ்டம்? தம்பி வரும்போது வாங்கிவந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். ஐ.என்.எஸ். 407, 466 என்று, உணவில் சேர்க்கும் சரக்குகளின் எண்கள், பொடி எழுத்தில் இருந்தன. ஒன்று கடல்பாசிக் கோந்து, மற்றது செல்லுலோஸ் கோந்து. 433 என்று கண்டால் பாலிசார்பேட் 80. எலிகளில் குடலின் சளிப் படலத்தைக் கெடுக்கிறது என்று சந்தேகப்படும் சரக்குகள் இவை. அவன் மூஞ்சி தொங்கிப்போயிற்று. நல்ல வேளை, என் பெண் டப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

இந்தச் சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது, அது நார். அதில் நான் விழுந்தேன். நாலு வருடம் முன்பு மார்கழியில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். ரோட்டோரத்தில் கமலா ஆரஞ்சு. நோய் அடங்கியிருந்தது, பழம் நல்லது என்று படித்திருந்தேன், ஏரிக்கரையில் உட்கார்ந்து ஐந்து பழத்தைச் சுளையின் வெள்ளை நாரோடு தின்றேன். இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதா எட்டாவதா தெரியவில்லை, தொப்புளைச் சுற்றி முறுக்க ஆரம்பித்தது. அலை அலையாக வரும், ஒரு நிமிடம் நிற்கும், திரும்ப வரும். அடிவாரம் வருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தி வாந்தி. இரண்டு நாள் குளுக்கோஸ், மூக்கில் குழாய். அப்புறம் எடுத்த எம்.ஆர். ஸ்கேனில்தான் அந்தச் சுருக்கம் தெரிந்தது, பென்சில் கனத்துக்கு. ஆரஞ்சு நார் அங்கே போய்ப் பந்தாகச் சுருண்டு அடைத்திருக்கிறது.

அதற்காக நார் எல்லாருக்கும் எதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருக்கம் இல்லாதவர்கள் நோய் அடங்கிய பிறகும் பயந்து நாரை ஒதுக்குவதில் லாபமில்லை, குடல் பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. ராகியில் 100 கிராமுக்கு 11 கிராம் நார், பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. தம்பிக்குச் சுருக்கம் இல்லை, களி சாப்பிடலாம், சாமைச் சோறு சாப்பிடலாம். எனக்கு ராகியை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து கூழாகத்தான். கீரை என்றால் தண்டு நீக்கி மசித்தது. முருங்கைக்காய் சாம்பாரில் வேகட்டும், சதையை வழித்துக்கொண்டு சக்கையை வைத்துவிடுவேன். வாழைத்தண்டு, மக்காச்சோளம், பலாச்சுளை என் தட்டுக்கு வருவதே இல்லை. ஆப்பிளைத் தோல் சீவி ஆவியில் வேகவைத்தால் ஏழு வயசுப் பிள்ளையின் சாப்பாடு மாதிரி இருக்கும், பழகிவிட்டது.

ஆகவே என் முடிவு இப்படி நின்றது. அன்றாடத்துக்கு மத்திய தரைக்கடலைச் சேலத்தில் இறக்கின சாப்பாடு, என் சுருக்கத்துக்கு ஏற்ப மசித்து. நோய் கிளம்பும் நாட்களில் ஒரு வாரம் அம்மாவின் பத்தியம், ஆனால் முட்டையும் மீனும் சேர்த்து. எஸ்.சி.டி. இனி இல்லை. எனக்கு ஒத்துவந்ததை எல்லாம் இன்னொருவருக்கு அப்படியே நகல் எடுக்க முடியாது என்பதற்குத் தம்பியே சாட்சி. அவன் கடைசி கால்ப்ரொடெக்டின் 70, முதலில் 900-க்கு மேல் இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. இருந்தும் சாயங்காலமானால் வயிறு உப்பி, சட்டை பட்டன் போட முடியவில்லை என்கிறான். நெருப்பில்லை, புகைதான். அவனுக்குப் பொருந்துவது நாலு வார அமாவாசை. மற்றபடி நன்றாகச் சாப்பிட்டு 4 கிலோவைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இரும்பு, பி12, டி வைட்டமின் மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடச் சொன்னேன். எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பி என்றேன். மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னதையும் அவரிடமே சொல்லிவிடு என்றேன். "திட்டுவாருண்ணா" என்றான். திட்டட்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். சாப்பிட்டது, மோஷன் எத்தனை, வலி, வாரம் ஒரு எடை, அவ்வளவுதான். போனில் செயலி இருக்கிறது என்றான், நோட்டுதான் அம்மா கண்ணில் படும் என்றேன்.

கிளம்பும்போது அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பூண்டு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் தட்டுவடை செட் கடையைப் பார்த்து வண்டியை மெதுவாக்கச் சொன்னான். பச்சை வெங்காயம், துருவின பீட்ரூட், எந்தத் தண்ணீரில் அரைத்ததோ அந்தச் சட்னி. நான் நிறுத்தவில்லை. பாவம், வெறும் தட்டுவடையாவது இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று திரும்பி வரும்போது தோன்றியது.

புதன்கிழமை போன் வந்தது. டாக்டர் திட்டினாராம், நாலு வாரத்துக்குச் சரி என்றும் சொன்னாராம்.

"அப்புறம் அண்ணா, பெரியம்மா குடுத்த எண்ணெய் தீர்ந்துபோச்சு."

"மூணு நாள்லயா?"

"அப்பாவும் ஊத்திக்கிறாரு."